20.9 கிலோவிலிருந்து 12.6 கிலோவுக்கு: ஒரு ட்ரெக்கிங் பையின் நிகழ்வு ஆய்வு

எடை அதிகம் என்று பையைத் தூக்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் எடையை மட்டும் குறைத்து அனுப்பியிருந்தால் இந்தப் பெண்ணுக்கு அடுத்த பயணத்திலும் தோள் வலித்திருக்கும். இதை முழுதாக எழுதிவைப்பதற்குக் காரணம் அதுதான்.

யார், என்ன நடந்தது

வயது 46. உடல் எடை 58 கிலோ, உயரம் 160 செ.மீ. தினமும் நடப்பவர், ஒரு நாள் மலையேற்றங்களுக்குப் பழகியவர். டென்ட், ஸ்லீப்பிங் பேக், சமையல் சாமான் எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு இரவு தங்கும் பயணம் மட்டும் அதுவே முதல் முறை. வேறொரு குழுவோடு போயிருந்தார். நான்கு பகல், மூன்று இரவு.

முதல் நாள் மாலையிலேயே கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் எரிச்சல். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் இடது தோளிலிருந்து கட்டைவிரல் பக்கம் வரை மரத்துப்போனது. பையின் பக்கவாட்டுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்க இடது கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. மீதி நாட்களில் குழுவில் இருந்தவர்கள் அவருடைய சாமான்களைப் பங்கு போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகும் மரப்பு சில நாட்கள் நீடித்ததால் மருத்துவரிடம் போனார். நரம்பு அழுத்தம்தான், தானாகச் சரியாகிவிடும், கொஞ்ச நாளைக்குப் பை தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். சரியாகவும் ஆனது. அதன் பிறகுதான் எங்கள் ட்ரெக்கிங் குழுவிடம் வந்தார்.

இது அபூர்வமான கதையல்ல. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் கொத்தாகக் காரை எலும்புக்குப் பின்னால் இறங்குகின்றன. கனமான பையின் தோள்பட்டி அந்த இடத்தை மணிக்கணக்கில் அழுத்தினால் கை மரக்கும், பலவீனமாகும். பெரிய மூட்டைகளோடு நெடுந்தூரம் நடக்கும் ராணுவ வீரர்களிடம் இதைப் பல காலமாகப் பார்த்து, ‘ரக்சாக் பால்ஸி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மீண்டுவிடும், ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பையை இறக்கிய பிறகும் போகாத மரப்பு, கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமை, முதுகில் ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் இறக்கைபோல் துருத்திக்கொண்டு நிற்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பையைப் பற்றிய யோசனையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பையைப் பார்த்தது

போனபோது எப்படி இருந்ததோ அப்படியே அடுக்கிக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சாப்பாட்டுப் பொருள்களைக்கூட அதே அளவில் மறுபடி வாங்கி வைத்திருந்தார். பெட்டி எடை போடும் சின்னத் தொங்கு தராசில் மாட்டினோம்: 20.9 கிலோ. அவருடைய உடல் எடையில் 36 சதவீதம்.

எடை போடும் முன்பே எனக்கு வேறொன்று கண்ணில் பட்டிருந்தது. ஹிப் பெல்ட்டின் நாடா. கம்பெனியில் மடித்த மடிப்பு அதில் இன்னும் அப்படியே இருந்தது. கொக்கி வழியாக ஒரு நாடா நாள்தோறும் இழுபட்டிருந்தால் அந்த இடம் வளைந்து, ஓரம் லேசாகப் பிசிர்விட்டிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. தோள்பட்டியோ நேர்மாறு. உள்ளே இருக்கும் பஞ்சு, தோள்மேல் உட்காரும் இடத்தில் மட்டும் தட்டையாகப் போய், விரலால் அழுத்தினால் கெட்டியாக இருந்தது. நான்கு நாளும் இந்தப் பை எங்கே தொங்கியது என்று அந்த இரண்டு பட்டைகளே சொல்லிவிட்டன.

“இடுப்புப் பெல்ட் போட்டீங்களாக்கா?”

“போட்டேன் தம்பி. போட்டா கீழ வழுக்கிக்கிட்டே போச்சு. நடக்க முடியல. அப்புறம் சும்மா மாட்டி விட்டுட்டேன்.”

பையைப் போட்டுக் காட்டச் சொன்னேன். பையின் முதுகுச் சட்டம் நீளமான உடம்புக்கானது. முதுகு நீளத்தை அளப்பது சுலபம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முண்டாகத் தட்டுப்படும், அது ஒரு முனை. இடுப்பின் இரு பக்கமும் கையை ஊன்றினால் கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் சந்திக்கும் மட்டம் இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவில் டேப் வைத்தால் அவருக்கு 41 செ.மீ. அந்தப் பையை எவ்வளவு சுருக்கினாலும் 48-க்குக் கீழே வராது.

ஏழு சென்டிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் சரியாக உட்காரவைத்தால் தோள்பட்டிகள் தோளைத் தொடாமல் மேலே வளைந்து நிற்கின்றன, பை பின்னால் சாய்கிறது. சாயக் கூடாதென்று தோள்பட்டியை இறுக்கினால் பை முழுவதும் மேலே ஏறிவிடுகிறது, அல்லது தோளில் தொங்கி பெல்ட் இடுப்பெலும்புக்குக் கீழே போய்விடுகிறது. எலும்பின் மேல் உட்காராத பெல்ட் வழுக்கத்தான் செய்யும். அவர் அதைக் கழற்றாமல் சும்மா மாட்டிவிட்டதில் ஆச்சரியமே இல்லை. வாங்கும்போது யாரும் முதுகை அளக்கவில்லை. “பெருசா வாங்கிக்கோங்க, எப்பவும் உதவும்” என்று சொல்லி 75 லிட்டர் பையைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, கேள்வி இரண்டாகப் பிரிந்தது. 20.9 கிலோ ஏன் வந்தது? வந்த எடை ஏன் தோளில் மட்டும் இறங்கியது?

20 சதவீதம் என்ற கணக்கு

உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகாதே என்பது ட்ரெக்கிங் போகிறவர்கள் வாயில் எப்போதும் இருக்கும் வாசகம். ஒரு நாள் நடைக்கு 10 சதவீதம் என்பார்கள். ஆரம்பிக்க நல்ல எண்தான். ஆனால் அது அனுபவக் கணக்கு, எல்லாருடைய உடம்புக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. ஒல்லியாக, தசை வலுவோடு இருக்கும் 55 கிலோக்காரர் கால்வாசி எடையைச் சிரமமில்லாமல் தூக்கலாம். 100 கிலோ இருப்பவருக்கு அதே சதவீதம் 25 கிலோ ஆகிவிடும். அவருடைய முட்டி ஏற்கெனவே அவரையே தூக்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் மைக்கேல் ஓஷே 2014-ல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்: உடம்பு பெரிதாகப் பெரிதாக, தூக்கக்கூடிய சுமை சதவீத அளவில் குறைகிறது.

நான் அந்த எண்ணை வேறு விதமாகப் பயன்படுத்துவேன். மொத்த எடையை அதோடு ஒப்பிடுவதற்கு முன், பையிலிருந்து சாப்பாடு, தண்ணீர், கேஸ் மூன்றையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும். இவை நடக்க நடக்கக் குறைபவை. மிச்சம் இருப்பது முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறாதது, அதைத்தான் ‘பேஸ் வெயிட்’ என்கிறோம். இவருக்குத் தண்ணீர் 3 கிலோ, சாப்பாடு 3.3 கிலோ, சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் 230 கிராம். கழித்தால் 14.37 கிலோ. அதாவது ஒரு பருக்கை உணவோ ஒரு சொட்டுத் தண்ணீரோ இல்லாமலே பை 20 சதவீதத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட 25-ல் நிற்கிறது. நான்காம் நாள் சாப்பாடெல்லாம் தீர்ந்தாலும் பையில் மிஞ்சியிருக்கக்கூடியது இதுதான்.

ஒப்பிட ஒரு அளவு: பேஸ் வெயிட் 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் ‘லைட்வெயிட்’ என்றும், 4.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் ‘அல்ட்ராலைட்’ என்றும் சொல்வது வழக்கம். 10, 20 பவுண்டு என்ற முழு எண்களிலிருந்து வந்த கோடுகள் அவை, அவ்வளவுதான். அல்ட்ராலைட்டை ஒரு மதம்போலப் பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை போகிறவர்களை அந்தப் பக்கம் நான் அனுப்புவதில்லை.

தரையில் பரப்பியது

பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து கிராமில் எழுதினார். இதை அவரவர் கையாலேயே செய்ய வேண்டும். நான் எடை போட்டுச் சொன்னால் அது என் அபிப்பிராயமாகிவிடும். அவரே தராசில் 350 என்று பார்க்கும்போது, காலியான ஸ்டீல் பாட்டிலைத் தானாகக் கீழே வைக்கிறார்.

கிடைத்த பட்டியல், கிராமில்: பை 2,500. டென்ட் 2,600. ஸ்லீப்பிங் பேக் 1,800. மேட் 700. பையில் இருந்த உடைகள் 2,100. ஸ்டவ், இரண்டு பாத்திரம், கேஸ் சிலிண்டர் எல்லாம் சேர்த்து 1,200. சோப்பு, ஷாம்பு வகையறா 650. முதலுதவி 550. பவர் பேங்க், ஹெட்லேம்ப், வயர்கள் 900. மாற்றுச் செருப்பு, பெரிய கத்தி, பூட்டு, புத்தகம், கயிறு என்று வகை சொல்ல முடியாதவை 900. ஸ்டீல் பாட்டில் இரண்டு 700. பிறகு தண்ணீரும் சாப்பாடும்.

அடுத்ததாக மூன்று குவியல் போடச் சொன்னேன்: தினமும் எடுத்தவை, ஒரே ஒரு தடவை எடுத்தவை, தொடவே தொடாதவை. மூன்றாவது குவியல்தான் பெரிதாக வந்தது. அதற்காக அதை அப்படியே தூக்கிப் போட்டுவிடலாகாது. முதலுதவிப் பையும் ரெயின் ஜாக்கெட்டும் அந்தக் குவியலில்தான் கிடந்தன. தொடாமல் திரும்பி வந்தால் சந்தோஷப்பட வேண்டிய பொருள்களும் உண்டு. அந்தக் குவியலில் இருப்பவற்றுக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது இல்லாமல் மோசமான ஒரு இரவு வந்தால் அசௌகரியமா, ஆபத்தா? அசௌகரியம் என்றால் யோசிக்கலாம். ஆபத்து என்றால் பைக்குள் போகும், பேச்சே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், எடை குறைக்கும் உற்சாகம் ஏறிய பிறகு அவரே ரெயின் ஜாக்கெட்டைத் தூக்கி வெளியே வைத்தார்.

“மழைக்காலம் இல்லையே தம்பி. 320 கிராம் மிச்சம்.”

“மழைக்கு மட்டும் இல்லக்கா. காத்துக்கும் அதுதான். வேர்த்து நனைஞ்ச உடம்போட உச்சியில காத்துல நின்னா நடுக்கம் எடுத்துரும். அது இருக்கட்டும்.”

குளிர் நடுக்கம் பனி விழும் இடங்களில் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நனைந்த உடை, காற்று, களைப்பு மூன்றும் சேர்ந்தால் உறைநிலைக்கு 10 டிகிரி மேலேகூட உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். காற்றும் மழையும் புகாத மேலாடை, ஒரு கனமான கம்பளி அல்லது ஃப்ளீஸ், படுக்க மட்டும் வைத்திருக்கும் உலர்ந்த ஒரு செட், ஹெட்லேம்ப், முதலுதவி, தண்ணீர் சுத்திகரிக்க ஏதாவது ஒரு வழி, வரைபடம். இவற்றில் கை வைத்துக் குறைத்த எடை எடையே அல்ல.

எங்கிருந்து குறைந்தது

இந்த விஷயத்தில் பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை: பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக் மூன்றையும் இலேசானதாக மாற்று, மற்றதெல்லாம் சில்லறை. இவர் விஷயத்தில் அது பாதி உண்மைதான். பேஸ் வெயிட்டில் மொத்தம் 6.49 கிலோ குறைந்தது. பெரிய மூன்றிலிருந்து வந்தது சரியாக 3 கிலோ. மீதி 3.49 கிலோ சில்லறையிலிருந்துதான் வந்தது. சில்லறைக்குப் பணமும் தேவைப்படவில்லை.

டென்ட்டை மாற்றவே இல்லை. அது இரண்டு பேருக்கான டென்ட். தனியாகத் தூக்கியது தேவையில்லாத வீம்பு. அடுத்த பயணத்தில் தோழியோடு பங்கு: உள்கூடும் அடிவிரிப்பும் இவருக்கு, மேல்விரிப்பும் கம்பிகளும் அவருக்கு. இவர் பங்கு 1,300. ஸ்டவ்வும் கேஸும் தோழியிடம், இவரிடம் ஒரு பாத்திரமும் ஸ்பூனும் கப்பும், 350. ஸ்லீப்பிங் பேக் தெரிந்தவரிடம் இரவல். பழையது மைனஸ் 10 டிகிரிக்கானது. போகும் பாதையில் இரவுக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே போகாது. 5 டிகிரி ‘கம்ஃபர்ட்’ அளவு கொண்ட 1,100 கிராம் ஸ்லீப்பிங் பேக் போதுமானது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் குளிராமல் தூங்கும் அளவு. லிமிட் என்பது சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதைப் பற்றியது, தூங்குவதைப் பற்றியதல்ல. கம்ஃபர்ட்டைப் பார்த்து எடுங்கள்.

மேட்டை மட்டும் தொடவில்லை. பாதி எடையில் வேறு மேட் கிடைக்கும். ஆனால் அவருக்குப் பக்கவாட்டில் படுத்தால்தான் தூக்கம் வரும், மெல்லிய மேட்டில் இடுப்பு வலிக்கும். தூக்கமில்லாமல் மூன்றாம் நாள் இறக்கத்தில் கால் தடுமாறாமல் இருப்பதற்கு 350 கிராம் பெரிய விலையல்ல.

உடையில் ஜீன்ஸ் போனது. நனைந்தால் அது காய்வதற்குள் பயணமே முடிந்துவிடும். நாளுக்கொரு டீ-ஷர்ட் என்ற கணக்கும் போனது. நடக்க ஒரு செட், படுக்க ஒரு செட், சாக்ஸ் மட்டும் கூடுதல். சோப்பு வகையறாவில் முழு பாட்டில்களுக்குப் பதில் விரலளவு டப்பிகள். முதலுதவியில் ஒரே வலி மாத்திரை நான்கு பட்டை இருந்தது, கொப்புளத்துக்கு ஒட்ட ஒரு டேப்கூட இல்லை. அதைச் சரிசெய்ததில் எடை 100 கிராம்தான் குறைந்தது, குறைய வேண்டிய இடமும் அல்ல. பெரிய பவர் பேங்க்குக்குப் பதில் சின்னது. கத்தி, பூட்டு, புத்தகம் வீட்டோடு. ஸ்டீல் பாட்டில்கள் போய் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, சேர்ந்து 80 கிராம்.

பையை மட்டும் கடைசியில் வாங்கச் சொன்னேன். சாமான் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் எத்தனை லிட்டர் என்பது தெரியும். பெரிய பையை முதலில் வாங்கிவிட்டால் காலி இடத்தைப் பார்த்து மனம் சும்மா இருக்காது. 48 லிட்டர், முதுகு நீளம் மாற்றக்கூடியது, 1,500 கிராம்.

பேஸ் வெயிட் 7.88 கிலோவில் வந்து நின்றது.

தண்ணீரும் சாப்பாடும்

ஒரு லிட்டர் ஒரு கிலோ. பையில் இருக்கும் வேறெந்தப் பொருளும் இவ்வளவு எளிதாகக் குறைக்கக்கூடியது இல்லை. அவர் போன பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஓடை. ஆனாலும் நாள் முழுக்க 3 லிட்டரோடு நடந்து, மாலையில் ஒரு லிட்டருக்கு மேல் கீழே ஊற்றியிருக்கிறார். ஓடைத் தண்ணீரை நம்பாததுதான் காரணம், அந்த பயம் நியாயமானதும்கூட. பயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு ஒரு வழி கொடுக்க வேண்டும். சின்ன வடிகட்டியும் சுத்திகரிப்பு மாத்திரையும் சேர்ந்து 100 கிராம். ஓடைக்கு வந்ததும் வடிகட்டி அரை லிட்டரை அங்கேயே குடித்துவிட்டு, அடுத்த ஓடை வரைக்குமானதை நிரப்பிக்கொள்வது. அப்படிப் பார்த்தால் வழக்கமாக 2 லிட்டர் தாராளம். வறண்ட பகுதி வரும் நாளில் மட்டும் 3. தண்ணீரை இதற்கும் கீழே குறைப்பது எடைக் கணக்கில் சேராது.

சாப்பாட்டில் 3.3 கிலோ கொண்டுபோய் 1.1 கிலோ திரும்பி வந்திருந்தது. திரும்பி வந்தவற்றில் பாதி டின்கள். டின் உணவில் பெரும்பகுதி தண்ணீர், மேலே தகரம். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. பருப்பு வகைக் கொட்டைகள், எண்ணெய், உலர் உணவு என்று 100 கிராமுக்கு 400 கலோரிக்கு மேல் தருபவற்றைப் பார்த்து எடுத்தால் நாளுக்கு 700 கிராம் சுற்றளவில் முடிந்துவிடும். கடைசி நாள் மதியம் கீழே இறங்கிவிடுவதால் அன்றைக்கு முழுச் சாப்பாடு தேவையில்லை. 2.7 கிலோ, அதில் ஒரு வேளைக்கான கூடுதலும் உண்டு. அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பைகளில் மாற்றியதிலும் கொஞ்சம் குறைந்தது.

புறப்படும் காலை எடை 12.58 கிலோ. உடல் எடையில் 21.7 சதவீதம். கோடு 20 ஆயிற்றே என்று அவர் கவலைப்பட்டார். முதல் நாள் மாலைக்குள் ஒரு நாள் சாப்பாடு தீர்ந்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்றேன். அந்த 1.7 சதவீதத்துக்காக எதையும் வெளியே எடுக்கவில்லை.

எடை குறைந்தும் வலி போகவில்லை

புதுப் பை வருவதற்கு முன் பழைய 75 லிட்டர் பையிலேயே குறைத்த சாமான்களை அடுக்கி ஏற்றமும் இறக்கமும் உள்ள ஒரு பாதையில் நடந்து பார்த்தோம். எடை 13.6 கிலோ, முன்பு தூக்கியதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 40 நிமிடத்தில் இடது தோளில் அதே எரிச்சல் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டோம்.

புதுப் பை வந்ததும் அதே பாதை. ஒப்பீடு நியாயமாக இருக்க ஒரு லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக வைத்து அதே 13.6 கிலோ ஆக்கினோம். இரண்டு மணி நேரம் நடந்தார். எரிச்சல் இல்லை. ஒரே எடை, ஒரே பாதை, ஒரே ஆள். மாறியது பை உட்காரும் இடம் மட்டும்.

மாட்டும் வரிசையை அவர் அதற்குள் மனப்பாடம் செய்திருந்தார். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டுப் பையைப் போடுவது. முதலில் ஹிப் பெல்ட்: பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார, கொக்கியைப் போட்டு இறுக்குவது. பிறகுதான் தோள்பட்டி, அதுவும் தோளைச் சுற்றிப் படியும் அளவுக்கு. பட்டிக்கும் தோளுக்கும் நடுவில் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். அடுத்து தோள்பட்டியின் உச்சியிலிருந்து பையின் மேல்பகுதிக்குப் போகும் சின்ன நாடா, ஏறக்குறைய 45 டிகிரி சரிவில் இருக்கும்படி லேசாக இழுப்பது. கடைசியில் மார்புப் பட்டை, மூச்சை அடைக்காத அளவுக்கு. நடக்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் எல்லாம் கொஞ்சம் இறங்கும், இன்னொரு தடவை சரிசெய்ய வேண்டும்.

உள்ளே அடுக்கியதும் மாறியது. முன்பு தண்ணீர் பாட்டில்கள் வெளிப்பக்கம் தொங்கின, டென்ட் பைக்குப் பின்னால் கயிற்றில் ஆடியது. முதுகிலிருந்து விலகிய எடை உடம்பைப் பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நாம் முன்னால் குனிவோம், கழுத்துத் தசை பிடித்துக்கொள்ளும். இப்போது ஸ்லீப்பிங் பேக் அடியில். சாப்பாடும் டென்ட்டும் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் மட்டத்தில். இலேசானவை வெளிப்பக்கம். ஜாக்கெட் மேலே, கை எட்டும் இடத்தில்.

நல்ல பெல்ட் போட்டால் எடையில் 80 சதவீதம் இடுப்புக்குப் போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அந்த எண்ணை நான் நம்புவதில்லை. பையின் சட்டம், பெல்ட்டின் வடிவம், ஆளின் இடுப்பு எல்லாவற்றையும் பொறுத்து மாறக்கூடியது அது. தோளுக்கு வரும் அழுத்தம் நரம்பை நசுக்காத அளவுக்குக் குறைந்தால் போதும்.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1955-ல், தன் 67-வது வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பலாச்சியன் பாதையை ஒரே ஆண்டில் தனியாக முழுவதும் நடந்து முடித்தார். தானே தைத்த துணிப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான். ஹிப் பெல்ட்டும் இல்லை, சட்டமும் இல்லை. டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும்கூட இல்லை. அவர் தூக்கியது அவ்வளவு குறைவு. பையின் அளவு பொருந்தாததை உடம்பு மன்னிக்கும் ஒரு எடை இருக்கிறது. 13 கிலோ அந்த எடை அல்ல.

ஒரு கணக்கு

சுமையோடு நடக்க எவ்வளவு சக்தி செலவாகும் என்பதற்கு 1977-ல் வெளியான பாண்டால்ஃப் சமன்பாடு என்று ஒன்று உண்டு. ராணுவ ஆய்விலிருந்து வந்தது, இன்றும் பயன்படுகிறது. இவருடைய எண்களைப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 3.6 கிலோமீட்டர், 8 சதவீத ஏற்றம், லேசான புதர்ப் பாதை. பையே இல்லாமல் சுமார் 386 வாட். 20.9 கிலோவோடு 515. 12.6 கிலோவோடு 458.

அதாவது பையின் எடை 40 சதவீதம் குறைந்தும் மொத்த உழைப்பு 11 சதவீதம்தான் குறைகிறது. முதலில் ஏமாற்றமாகத் தோன்றும். ஆனால் எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உதவிய எண் இதுதான். நடையில் பெரும்பகுதி உழைப்பு நம் உடம்பைத் தூக்கத்தான் போகிறது. முதல் பயணத்தில் அவரை உட்காரவைத்தது மூச்சோ காலோ அல்ல, கை. உழைப்பு 11 சதவீதம் குறைந்ததால் மட்டும் அந்தக் கை சரியாகியிருக்காது.

இந்தச் சமன்பாடு இறக்கத்துக்குப் பொருந்தாது. இறக்கத்தில் சக்தி குறைவாகச் செலவாகும், ஆனால் ஒவ்வொரு அடியிலும் முட்டி உடம்பையும் பையையும் சேர்த்துத் தாங்கி நிறுத்த வேண்டும். எடை குறைந்ததன் முழுப் பலன் அங்கேதான் தெரியும்.

இரண்டாம் பயணம்

அதே மாதிரி நான்கு பகல், மூன்று இரவு, தோழியோடு. தோளில் மரப்பு வரவில்லை. இறக்கத்தில் கம்பு ஊன்றி நடந்தார், முட்டி வலி மூன்றாம் நாள் மாலையில் மட்டும். சாப்பாட்டில் திரும்பி வந்தது கூடுதலாக எடுத்த அந்த ஒரு வேளை. ரெயின் ஜாக்கெட்டை இரண்டு தடவை போட்டாராம், இரண்டும் காற்றுக்கு.

புதிதாக ஒரு புகார் வந்தது: இரண்டாம் நாள் வலது தொடையின் வெளிப்பக்கம் லேசாக மரத்தது. இது பெல்ட்டின் பக்கத்திலிருந்து வருவது. இடுப்பின் முன்பக்க எலும்பு முனைக்கு அருகே தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று இருக்கிறது, பெல்ட் அதை இறுக்கினால் தொடை மரக்கும். விசாரித்ததில் பெல்ட்டுக்கு அடியில், பேன்ட் பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். போனை மார்புப் பட்டையின் பைக்கு மாற்றி, சமதளத்தில் பெல்ட்டை ஒரு விரல் தளர்த்தியதும் அன்றைக்கே போய்விட்டது. தோளும் இடுப்பும் மாறி மாறிச் சுமக்கட்டும் என்று இப்போது மணிக்கொரு தடவை பட்டிகளைக் கொஞ்சம் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து ஆறு நாள் பயணம் கேட்கிறார். சாப்பாடு மட்டுமே இன்னும் ஒன்றரைக் கிலோ ஏறும், தொடக்க எடை 14 கிலோவைத் தாண்டும். நடுவில் ஒரு ஊர் வருகிறது, அங்கே பாதிச் சாப்பாட்டை வாங்கிக்கொள்ள முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். முடியாவிட்டால் நான்கு நாள் பாதையையே இன்னொரு தடவை போவது என்று பேச்சு.